கிளஸ்டரில் நுழையவும் முடியவில்லை, ஸ்லர்ம் வேலையை ஏற்கவும் இல்லை

ஆய்வு மாணவி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் பொருளறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். பெரோவ்ஸ்கைட் படிகங்களின் கட்டமைப்பைக் கணக்கிடுவதற்காகக் குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ மென்பொருளை எங்கள் பல்கலைக்கழகத்தின் பொதுக் கிளஸ்டரில் (பல கணினிகளை இணைத்த கணக்கீட்டு அமைப்பில்) ஓட்டுகிறேன். கிளஸ்டரில் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குகிறது. நாங்கள் அனுப்பும் வேலைகளை அதன் கணினிகளுக்கு (நோடுகளுக்கு) ஸ்லர்ம் என்ற நிரல் பங்கிடுகிறது. மூன்று ஆண்டுகளாகப் பெரிய இடையூறு இல்லாமல் பயன்படுத்திவந்த கிளஸ்டரில், பத்து நாள்களாக ஒரு கணக்கீட்டைக்கூட என்னால் தொடங்க முடியவில்லை.

முதலில் நுழைவுச் சிக்கலைச் சொல்கிறேன். முதுகலைப் படிப்பின்போது உருவாக்கிய 4096 பிட் ஆர்எஸ்ஏ சாவியைத்தான் (எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பில் அடையாளம் காட்டும் கோப்பு) இதுவரை பயன்படுத்தினேன்; கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விட்டுவிடும். பத்து நாள்களுக்கு முன்பு விடுதியிலிருந்து இணைந்தபோது திடீரென்று கடவுச்சொல் கேட்டது. நெடுநாளாகப் பயன்படுத்தாத கடவுச்சொல் என்பதால் தவறாகத் தட்டினேன் போலிருக்கிறது. 'பெர்மிஷன் டினைடு' என்று வந்தது. ஏழெட்டு முறை முயன்ற பிறகு அந்தச் செய்தியும் நின்றுபோய், 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்று மட்டுமே வருகிறது. என் அறைத்தோழியும் அதே கிளஸ்டரைப் பயன்படுத்துகிறாள். அன்று மாலை முதல் அவளாலும் விடுதியிலிருந்து இணைய முடியவில்லை என்கிறாள். சென்ற மாதம் மடிக்கணினியில் உபுண்டு 22.04 நிறுவினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் துறையின் விண்டோஸ் கணினியிலிருந்து, கடவுச்சொல்லைச் சரியாக நினைவுபடுத்திக்கொண்டு, உள்ளே நுழைந்தேன். அங்கேயே நோட்பேடில் என் வேலைக் கோப்பைத் திருத்தி மேலேற்றி ஸ்லர்முக்கு வேலையை அனுப்பும் எஸ்பேட்ச் கட்டளை கொடுத்தபோது, கோப்பில் 'டாஸ் லைன் பிரேக்ஸ்' இருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டது. கிளஸ்டரிலேயே நானோ என்ற உரைத் திருத்தியில் திறந்து மீண்டும் சேமித்தேன், அதே பிழைதான். திருத்தாத பழைய நகலை அனுப்பினால் வேறொரு செய்தி வருகிறது: 'இன்வேலிட் அக்கவுண்ட் ஆர் அக்கவுண்ட் பார்ட்டிஷன் காம்பினேஷன் ஸ்பெசிஃபைடு'. என் கணக்கை முடக்கிவிட்டார்களோ என்று அஞ்சுகிறேன். கிளஸ்டர் உதவி முகவரிக்கு எழுதி ஒரு வாரமாகிறது, பதில் இல்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

இயற்பியல் ஆய்வாளர் (மறுமொழி)

உபுண்டு 22.04 என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். அதில் வரும் எஸ்எஸ்எச் மென்பொருள் ஓபன்எஸ்எஸ்எச் 8.9. 2021 செப்டம்பரில் வெளிவந்த 8.8 பதிப்பிலிருந்து, எஸ்எச்ஏ-1 என்ற பழைய மறைகுறி முறை கொண்டு இடப்படும் ஆர்எஸ்ஏ கையொப்பங்களை இயல்பாகவே நிறுத்திவிட்டார்கள். உங்களுடையது ஆர்எஸ்ஏ சாவி. கிளஸ்டரோ பழைய சென்ட்ஓஎஸ். எனவே புதிய மடிக்கணினிக்கும் பழைய சேவையகத்துக்கும் பொதுவான கையொப்ப முறை இல்லாமல் போயிருக்கும். எங்கள் துறையில் இருவருக்கு இதே நிலை ஏற்பட்டது. எட்25519 வகைச் சாவி ஒன்றைப் புதிதாக உருவாக்கி, அதன் பொதுச் சாவியைக் கிளஸ்டரில் சேர்த்த பிறகுதான் அவர்களால் நுழைய முடிந்தது. நீங்களும் அப்படியே செய்து பாருங்கள்.

முன்னாள் கிளஸ்டர் நிர்வாகி (மறுமொழி)

நண்பர் சொல்வது உண்மையான காரணங்களுள் ஒன்று. ஆனால் இங்கே அது பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. 8.8 பதிப்பில் நிறுத்தப்பட்டவை ஆர்எஸ்ஏ சாவிகள் அல்ல, எஸ்எச்ஏ-1 கொண்டு இடப்படும் கையொப்பங்கள் மட்டுமே. அதே ஆர்எஸ்ஏ சாவியைக் கொண்டு எஸ்எச்ஏ-2 முறையில் கையொப்பமிடும் வசதி 2016-இல் வந்த 7.2 பதிப்பிலிருந்தே இருக்கிறது. சென்ட்ஓஎஸ் 7-இல் உள்ளது 7.4 பதிப்பு. ஆகவே அந்த இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும். சென்ட்ஓஎஸ் 6 ஓடும் சேவையகமாக இருந்தால் நண்பரின் விளக்கம் அப்படியே பொருந்தியிருக்கும். (சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவும் 2024 ஜூன் 30-ஆம் நாளோடு முடிந்துவிட்டது என்பதை உங்கள் கணினி மையத்தார் நினைவில் வைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.)

சகோதரி, உங்கள் கேள்வியில் இரண்டு வெவ்வேறு பிழைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கின்றன. அவற்றைக் கலந்துவிடக் கூடாது. 'பெர்மிஷன் டினைடு' என்றால் உங்கள் கணினி சேவையகத்தை எட்டிவிட்டது, எஸ்எஸ்எச் நிரல் உங்களோடு பேசியும் விட்டது, நீங்கள் காட்டிய அடையாளத்தை மட்டும் அது ஏற்கவில்லை என்று பொருள். 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்றால் உங்கள் கணினி அனுப்பிய தரவுப் பொட்டலங்களுக்கு எந்தப் பதிலும் திரும்பவில்லை, பேச்சே தொடங்கவில்லை. முதலாவதற்கான தீர்வை இரண்டாவதில் தேடினால் நாள்தான் வீணாகும். புதிய சாவி உருவாக்குவது பேச்சே தொடங்காத இணைப்பை ஒருபோதும் சரிசெய்யாது.

இரண்டாவது பிழையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதற்கான தடயத்தை நீங்களே தந்துவிட்டீர்கள். உங்கள் அறைத்தோழி எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனாலும் அவரால் விடுதியிலிருந்து நுழைய முடியவில்லை. பெரும்பாலான விடுதி வலையமைப்புகளில் நூற்றுக்கணக்கான கணினிகள் ஒரே பொது ஐபி முகவரியின் பின்னால் இருக்கும். கிளஸ்டரின் லாகின் நோடில் (பயனர்கள் முதலில் நுழையும் கணினியில்) ஃபெயில்டூபேன் போன்ற காவல் நிரல் இருந்தால், குறிப்பிட்ட நேரத்துக்குள் பலமுறை தவறான கடவுச்சொல் வந்த முகவரியை அது தடுத்துவிடும். நிறுவியவுடன் இருக்கும் அமைப்பில் பத்து நிமிடத்துக்குள் ஐந்து தவறுகள் என்பது எல்லை. தடையும் பத்து நிமிடம்தான். பல மையங்கள் தடையை மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ நீட்டித்து வைத்திருக்கும். சிலவற்றில் நிர்வாகி நீக்கும்வரை அது நீடிக்கும். மறுப்புச் செய்தி அனுப்பும்படி தடுப்பு அமைந்திருந்தால் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றும், பதிலே அனுப்பாமல் கைவிடும்படி அமைந்திருந்தால் 'டைம்டு அவுட்' என்றும் உங்களுக்குத் தெரியும். கைப்பேசியின் இணையத்தைப் பகிர்ந்து அதே மடிக்கணினியிலிருந்து ஒருமுறை மட்டும் முயலுங்கள். கடவுச்சொல் கேட்டால் தடுக்கப்பட்டிருப்பது நீங்கள் அல்ல, விடுதியின் முகவரி என்பது உறுதியாகிவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: வெளியிலிருந்து வரும் இணைப்புகளையே உங்கள் மையம் அனுமதிக்காது என்றால், இந்தச் சோதனையால் ஒன்றும் தெரியாது, அப்போது பல்கலைக்கழக விபிஎன் வழியாகச் செய்ய வேண்டும்.

இனி, முதல் பிழை. சாவி ஏன் திடீரென்று ஏற்கப்படவில்லை? மடிக்கணினியிலிருந்து இணையும்போது எஸ்எஸ்எச் கட்டளையோடு மூன்று 'வி' சேர்த்து ஓட்டுங்கள். பக்கம் பக்கமாக வரும், அஞ்ச வேண்டாம். 'ஆஃபரிங் பப்ளிக் கீ' என்று தொடங்கும் வரியையும் அதற்குப் பின்வரும் இரண்டு மூன்று வரிகளையும் மட்டும் பார்த்தால் போதும். அந்த இடத்தில் 'நோ மியூச்சுவல் சிக்னேச்சர்' என்ற சொற்கள் இருந்தால் நண்பர் சொன்னதே சரி. அப்படி எதுவும் இல்லாமல், சாவியைக் காட்டிய உடனே வேறு எந்த முறைகளில் தொடரலாம் என்ற பட்டியல் வந்து, அடுத்தது கடவுச்சொல் என்று நகர்ந்தால், சேவையகம் உங்கள் சாவியைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கிறது. ஏன் ஒதுக்கியது என்பதை அது உங்களிடம் சொல்லாது. அந்தக் காரணம் சேவையகத்தின் பதிவேட்டில் மட்டுமே எழுதப்படும். அதை நிர்வாகியால்தான் படிக்க முடியும். நான் நிர்வாகியாக இருந்த ஆண்டுகளில் 'நேற்றுவரை வேலை செய்தது' என்று வந்த முறையீடுகளில் அந்தப் பதிவேட்டில் நான் மிகுதியாகக் கண்ட காரணம் ஒன்றே: ஹோம் கோப்பகத்தின் (ஒவ்வொரு பயனருக்கும் உரிய சொந்தக் கோப்பகம்) அனுமதிகளைப் பயனரே மாற்றியிருப்பார்.

எனவே உங்களிடம் ஒரு கேள்வி. பத்து நாள்களுக்கு முன்பு கிளஸ்டருக்குள் கடைசியாக என்ன செய்தீர்கள்? கோப்புகளை யாருக்காவது பகிர்ந்தீர்களா? உள்ளே நுழைந்ததும் எல்எஸ் கட்டளையை 'ஹைஃபன் எல்டி' விருப்பத்தோடு உங்கள் ஹோம் கோப்பகத்தின் மீதும், அதனுள் இருக்கும் டாட்-எஸ்எஸ்எச் கோப்பகத்தின் மீதும், ஏற்கப்படும் சாவிகளின் பட்டியலான 'ஆத்தரைஸ்டு கீஸ்' கோப்பின் மீதும் ஓட்டி, வரியின் தொடக்கத்தில் வரும் பத்து எழுத்துகளை இங்கே எழுதுங்கள். பயனர் பெயரையும் சேவையகத்தின் பெயரையும் எழுத வேண்டாம்.

ஆய்வு மாணவி (மறுமொழி)

மிக்க நன்றி ஐயா. கைப்பேசி இணையத்திலிருந்து முயன்றேன். உடனே கடவுச்சொல் கேட்டது. ஆகவே விடுதியின் முகவரிதான் தடுக்கப்பட்டிருக்கிறது. என்னால் அறைத்தோழிக்கும் பிறருக்கும் இத்தனை நாள் தொல்லை நேர்ந்திருக்கிறது என்பதை எண்ணும்போது வருத்தமாக இருக்கிறது. அவர்களிடம் விளக்கிச் சொல்லிவிட்டேன்.

மூன்று 'வி' கொடுத்துப் பார்த்ததில், சாவியைக் காட்டிய வரிக்குப் பின் கையொப்பம் பற்றி எந்தச் செய்தியும் இல்லை. நேரே கடவுச்சொல்லுக்குப் போய்விட்டது. உபுண்டு நிறுவிய பின்பும் இரண்டு வாரம் அதே சாவியோடு நுழைந்திருக்கிறேன் என்பதும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

நீங்கள் கேட்ட பத்து எழுத்துகளைப் பார்த்தேன். மூன்று இடத்திலும் முதல் எழுத்து போக மீதி ஒன்பதும் ஆர்டபிள்யூஎக்ஸ், ஆர்டபிள்யூஎக்ஸ், ஆர்டபிள்யூஎக்ஸ். காரணமும் தெரிந்துவிட்டது. ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவர் என் உள்ளீட்டுக் கோப்புகளையும் சூடோபொட்டென்ஷியல் கோப்புகளையும் நகலெடுக்க வேண்டியிருந்தது. அவரால் திறக்க முடியாததால், இணையத்தில் எங்கோ படித்தபடி ஹோம் கோப்பகத்தின் மேல் சிஎச்மோட் ஹைஃபன் பெரிய ஆர் 777 (உள்ளிருக்கும் எல்லாவற்றையும் யாரும் படிக்க, எழுத, ஓட்ட அனுமதி) கொடுத்தேன். அன்று இரவே சிக்கல் தொடங்கியிருக்கிறது. இரண்டையும் இணைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது எல்லாவற்றையும் 700 அல்லது 600 (எனக்கு மட்டும் அனுமதி) என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா?

முன்னாள் கிளஸ்டர் நிர்வாகி (மறுமொழி)

காரணம் அதுவேதான். எஸ்எஸ்எச் சேவை நிரலில் 'ஸ்ட்ரிக்ட் மோட்ஸ்' என்றோர் அமைப்பு உண்டு. இயல்பாகவே அது செயல்பாட்டில் இருக்கும். ஹோம் கோப்பகத்திலோ டாட்-எஸ்எஸ்எச் கோப்பகத்திலோ சாவிப் பட்டியல் கோப்பிலோ உரிமையாளரைத் தவிர வேறு யாருக்காவது எழுதும் அனுமதி இருந்தால், அந்தப் பட்டியலையே அது நம்ப மறுத்துவிடும். அதில் நியாயம் இருக்கிறது: யாரும் எழுதக்கூடிய பட்டியலில் உங்கள் சாவிதான் இருக்கிறது என்பதற்கு என்ன உறுதி? கடவுச்சொல்லுக்கு இந்தச் சோதனை இல்லை என்பதால்தான் துறைக் கணினியிலிருந்து உங்களால் நுழைய முடிந்தது.

எல்லாவற்றையும் 600 ஆக மாற்றுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பெரிய ஆர் சேர்த்து 600 கொடுத்தால் கோப்பகங்களிலிருந்தும் 'எக்ஸ்' அனுமதி போய்விடும். 'எக்ஸ்' இல்லாத கோப்பகத்துக்குள் உங்களாலேயே நுழைய முடியாது. நீங்கள் தொகுத்து வைத்த நிரல்களும் ஓடாது. முதலில் 'சிஎச்மோட் ஜிஓ-டபிள்யூ' என்பதைப் பெரிய ஆர் சேர்த்து ஹோம் கோப்பகத்தின் மேல் கொடுங்கள். குழுவினரிடமிருந்தும் பிறரிடமிருந்தும் எழுதும் அனுமதியை மட்டும் அது எடுத்துவிடும், வேறெதையும் தொடாது. பிறகு டாட்-எஸ்எஸ்எச் கோப்பகத்துக்கு 700, அதனுள் இருக்கும் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்புக்கு 600 என்று தனித்தனியே கொடுங்கள். கிளஸ்டரிலேயே உங்களுக்குத் தனிச் சாவி ஏதேனும் இருந்தால் அதற்கும் 600 வேண்டும். பிறர் படிக்கக்கூடிய தனிச் சாவியை எஸ்எஸ்எச் பயன்படுத்தாது என்பதால், ஒரு நோடிலிருந்து மற்றொரு நோடுக்கு அந்தச் சாவியைக் கொண்டு தாவும், பல நோடுகளில் ஒன்றாக ஓடும் எம்பிஐ வேலைகள் இருந்தால் அவையும் நின்றிருக்கும்.

இப்போது நான் மிகுந்த அக்கறையோடு சொல்லவிரும்புவது வேறொன்று. பத்து நாள்களாக அந்தக் கிளஸ்டரில் கணக்கு வைத்திருக்கும் எவரும் உங்கள் ஹோம் கோப்பகத்தில் எதையும் எழுதியிருக்கலாம். உங்கள் தனிச் சாவி அங்கே இருந்தால் அதைப் படித்திருக்கவும் கூடும். யாரும் அப்படிச் செய்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. செய்யவில்லை என்று நீங்கள் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பைத் திறந்து, அதில் உங்களுக்குத் தெரியாத வரி ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். நுழையும்போது தானே ஓடும் டாட்-பேஷ்ஆர்சி, டாட்-பேஷ்-ப்ரொஃபைல் கோப்புகள் இரண்டையும் படியுங்கள். குறித்த நேரத்தில் தானே ஓடும் கட்டளைகளின் பட்டியலான கிரான்டேப்பையும் ஒருமுறை பாருங்கள். கிளஸ்டரில் வைத்திருந்த தனிச் சாவியை வேறு சேவையகங்களுக்கும் பயன்படுத்தினால், அதைக் கைவிட்டுப் புதியது உருவாக்குங்கள். அப்போது நண்பர் சொன்ன எட்25519 வகையையே தேர்ந்தெடுங்கள், கடவுச்சொற்றொடரும் வையுங்கள். 2020 மே மாதத்தில் ஐரோப்பாவின் பல மீத்திறன் கணினி மையங்கள் திருடப்பட்ட நுழைவுச் சான்றுகள் வழியாக ஊடுருவப்பட்டன. எடின்பரோவிலிருந்த ஆர்ச்சர் கணினியை நிறுத்திவைத்து, பயனர்கள் அனைவரின் கடவுச்சொற்களையும் எஸ்எஸ்எச் சாவிகளையும் செல்லாதவையாக்க வேண்டியதாயிற்று. ஒரு பயனரின் திறந்த கதவு கிளஸ்டர் முழுவதற்குமான கதவு ஆகிவிடும் என்பதால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

புதிய மாணவருக்குக் கோப்புகளைக் கொடுப்பதற்கு நல்ல வழி, உங்கள் நெறியாளரின் திட்டத்துக்கென்று ஒரு பொதுக் கோப்பகத்தை மையத்திடம் கேட்டுப் பெறுவது. அது வரும்வரை தனி நபருக்கு அனுமதி தரும் செட்எஃப்ஏசிஎல் கட்டளை கொண்டு அவர் ஒருவருக்கு மட்டும், குறிப்பிட்ட துணைக் கோப்பகத்துக்குப் படிக்கும் அனுமதி கொடுக்கலாம். அதை எட்டுவதற்கு ஹோம் கோப்பகத்தில் அவருக்கு 'எக்ஸ்' மட்டும் போதும். ஹோம் கோப்பகத்தின் மேல் அவருக்கு எழுதும் அனுமதியை ஏசிஎல் (அந்தக் கட்டளை தரும் தனி அனுமதிப் பட்டியல்) வழியாகக் கொடுத்துவிடாதீர்கள். ஏசிஎல்லின் உச்ச வரம்பான மாஸ்க், குழு அனுமதியின் இடத்தில் தெரியும் என்பதால், எஸ்எஸ்எச் அதைக் குழுவுக்குக் கொடுத்த எழுதும் அனுமதியாகவே கொண்டு, மீண்டும் உங்கள் சாவியை மறுக்கும்.

உதவி முகவரிக்கு மறுபடி எழுதுங்கள். இம்முறை விடுதியின் பொது ஐபி முகவரி, தடை தொடங்கிய நாள், ஏறத்தாழ எந்த நேரம், காரணம் எது என்று நீங்கள் கண்டறிந்தது ஆகிய நான்கையும் எழுதி, தடையை நீக்கக் கேளுங்கள். 'நுழைய முடியவில்லை' என்று மட்டும் வரும் மடலுக்கு நிர்வாகி பத்துக் கேள்விகள் கேட்டுத் திருப்பி எழுத வேண்டும். அதற்கு நேரமில்லாமல்தான் அது தள்ளிப்போகிறது. நானும் அப்படித் தள்ளிவைத்ததுண்டு.

வேதியியல் துறை ஆய்வாளர் (மறுமொழி)

நுழைவுச் சிக்கலை ஐயா தீர்த்துவைத்துவிட்டதால், எஸ்பேட்ச் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் நாள்தோறும் ஸ்லர்மில் வேலை அனுப்புபவன், நிர்வாகி அல்ல.

விண்டோஸ் நோட்பேடு இயல்பாக ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு மறைகுறிகளை வைக்கிறது. லினக்ஸ் எதிர்பார்ப்பது ஒன்றை மட்டுமே. அந்தக் கூடுதல் குறியைக் கண்டதும் எஸ்பேட்ச் கோப்பையே மறுத்துவிடுகிறது. அப்படி மறுப்பது நமக்கு நல்லதுதான், இல்லாவிட்டால் கட்டளைகளின் வாலில் ஒட்டிய அந்தக் குறி வேலையின் நடுவே புரியாத பிழைகளைத் தந்திருக்கும். நானோவில் திறந்து சேமித்தும் மாறாததற்குக் காரணம், நானோ டாஸ் வடிவக் கோப்பை அடையாளம் கண்டு, சேமிக்கும்போதும் அதே வடிவத்தைக் காப்பாற்றிவிடுகிறது. விம் என்ற திருத்தியும் அப்படியே. 'டாஸ்டூயூனிக்ஸ்' கட்டளையை அந்தக் கோப்பின் மேல் ஒருமுறை ஓட்டினால் போதும். அது நிறுவப்பட்டிருக்காவிட்டால், 'டிஆர்' கட்டளையால் அந்தக் குறியை நீக்கி வேறு பெயரில் எழுதிக்கொள்ளலாம்.

இரண்டாவது செய்தியில் வரும் 'அக்கவுண்ட்' என்பது உங்கள் பயனர் கணக்கு அல்ல. அது முடங்கியிருந்தால் உங்களால் உள்ளேயே வந்திருக்க முடியாது. ஸ்லர்மில் அக்கவுண்ட் என்றால் எந்தத் திட்டத்தின் கணக்கில் இந்த நேரத்தைக் கழிக்க வேண்டும் என்பது. உங்கள் கோப்பின் தொடக்கத்தில் 'அக்கவுண்ட்' என்று ஒரு எஸ்பேட்ச் வரி இருக்கும். பெரும்பாலான ஆய்வகங்களில் அந்தக் கோப்பு மூத்த மாணவர் ஒருவரிடமிருந்து கைமாறி வந்ததாகவே இருக்கும். திட்டம் முடிந்தோ புதுப்பிக்கப்பட்டோ குறியீடு மாறியிருக்கும். 'எஸ்ஏசிசிடி-மேனேஜர்' என்று நாங்கள் சொல்லும் கட்டளையில் 'ஷோ அசோசியேஷன்ஸ்' என்று கொடுத்து, உங்கள் பயனர் பெயரைக் குறிப்பிடுங்கள். எந்தத் திட்டக் கணக்கோடு, எந்தப் பார்ட்டிஷனோடு (நோடுகளின் தொகுப்பு), எந்த க்யூஓஎஸ்ஸோடு (முன்னுரிமை, வரம்பு வகை) உங்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்று அது காட்டும். அங்கே இருப்பதை அப்படியே உங்கள் கோப்பில் எழுதுங்கள். அங்கே எதுவுமே இல்லையென்றால் உங்கள் நெறியாளர் மையத்துக்கு எழுத வேண்டும். நீங்கள் என்ன மாற்றினாலும் பயன் இராது.

கோப்பைத் திருத்தும்போதே இன்னும் சிலவற்றைப் பாருங்கள், ஏனென்றால் இவற்றுக்குப் பிழைச்செய்தியே வராது. ஹேஷ் (#) குறிக்கும் எஸ்பேட்ச் என்ற சொல்லுக்கும் இடையே ஓர் இடைவெளி விழுந்துவிட்டால், ஸ்லர்ம் அந்த வரியை வெறும் குறிப்பாக எண்ணிக் கடந்துவிடும். நீங்கள் 48 கோர் கேட்டதாக நினைத்திருப்பீர்கள், கிடைப்பது ஒன்று. முதல் கட்டளை வரிக்குப் பின்னால் எழுதும் எஸ்பேட்ச் வரிகளும் அப்படியே கணக்கில் வராது. மென்பொருளை ஏற்றும் மாட்யூல் லோடு வரியை மேலே வைத்துவிட்டு, அதன் கீழே நேர வரம்பை எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெளியீட்டுக் கோப்பை 'லாக்ஸ்' போன்றதொரு துணைக் கோப்பகத்துக்குள் எழுதச் சொல்லியிருந்து, அந்தக் கோப்பகம் இல்லாமலும் இருந்தால், வேலை தொடங்கிய நொடியிலேயே விழுந்துவிடும். ஏன் விழுந்தது என்று எழுதிவைக்க ஒரு கோப்பும் இராது. என் முதல் ஆண்டில் இரண்டு நாள் முழுவதும் இதைத் தேடியிருக்கிறேன்.

ஆய்வு மாணவி (மறுமொழி)

ஐயா சொன்ன வரிசையிலேயே அனுமதிகளை மாற்றினேன். மடிக்கணினியிலிருந்து சாவியோடு நுழைய முடிகிறது. சாவிப் பட்டியலில் என்னுடைய வரி மட்டுமே இருந்தது. மற்ற கோப்புகளிலும் அந்நியமாக எதுவும் இல்லை. ஆனாலும் கிளஸ்டரிலிருந்த தனிச் சாவியை நீக்கிவிட்டுப் புதியது உருவாக்கிக்கொண்டேன். நீங்கள் சொன்ன நான்கு விவரங்களோடு எழுதிய மடலுக்கு அன்றைக்கே பதில் வந்து, விடுதியின் தடையும் நீங்கிவிட்டது.

திட்டக் குறியீடும் நண்பர் சொன்னபடியே இந்தக் கல்வியாண்டில் மாறியிருந்தது. அதைத் திருத்தி, டாஸ்டூயூனிக்ஸும் ஓட்டிய பிறகு எஸ்பேட்ச் வேலை எண்ணைக் கொடுத்துவிட்டது. ஆனால் நேற்று மதியம் அனுப்பிய வேலை இன்னும் 'பெண்டிங்' நிலையிலேயே இருக்கிறது. வரிசையைக் காட்டும் எஸ்க்யூ கட்டளையில் காரணமாக 'ரெக்நோட்நாட்அவெய்ல்' என்றும் அதைத் தொடர்ந்து 'ரிசர்வ்டு ஃபார் மெயின்டனன்ஸ்' என்றும் வருகிறது. நோடுகளின் நிலையைக் காட்டும் எஸ்இன்ஃபோவிலோ பதினொரு நோடுகள் 'ஐடில்' என்று காட்டுகின்றன. காலியாக இருக்கும்போது ஏன் தர மறுக்கிறது? நான் கேட்டிருப்பது இரண்டு நோடுகள், 72 மணி நேரம்.

வேதியியல் துறை ஆய்வாளர் (மறுமொழி)

இது பிழை அல்ல. உங்கள் மையம் வரும் நாள்களில் பராமரிப்புக்காக நோடுகளை முன்பதிவு செய்திருக்கிறது. நீங்கள் 72 மணி நேரம் கேட்பதால், இப்போது தொடங்கினால் அந்த முன்பதிவுக்குள் உங்கள் வேலை நீண்டுவிடும் என்று ஸ்லர்ம் கணக்கிடுகிறது. அதனால் பராமரிப்பு முடியும்வரை நிறுத்திவைக்கிறது. 'எஸ்கன்ட்ரோல் ஷோ ரிசர்வேஷன்' கொடுத்தால் அது தொடங்கும் நாளும் நேரமும் தெரியும்.

உங்கள் கணக்கீட்டுக்கு உண்மையிலேயே 72 மணி நேரம் வேண்டுமா? எஸ்அக்ட் கட்டளையில், இதற்கு முன் முடிந்த இதே போன்ற வேலையின் எண்ணைக் கொடுத்து, 'எலாப்ஸ்டு' என்ற நெடுவரிசையைப் பாருங்கள். ஒன்பது மணி நேரத்தில் முடிந்திருந்தால் பன்னிரண்டு கேட்டாலே போதும். பராமரிப்புக்கு முன்னால் முடிந்துவிடும் அளவுக்கு நேரத்தைக் குறைத்துவிட்டால், அந்த முன்பதிவு உங்களைத் தடுக்காது. பராமரிப்பு இல்லாத நாள்களிலும் இது உதவும். பெரிய வேலை ஒன்றுக்காக நோடுகள் சேரும்வரை இருக்கும் இடைவெளிகளில், அதைத் தாமதப்படுத்தாமல் முடியக்கூடிய சிறிய வேலைகளைச் செருகும் 'பேக்ஃபில்' முறை பெரும்பாலான ஸ்லர்ம் கிளஸ்டர்களில் இருக்கிறது. எவ்வளவு நேரம் கேட்கிறீர்கள் என்பதைக் கொண்டுதான் உங்கள் வேலை அந்த இடைவெளியில் அடங்குமா என்று அது முடிவு செய்யும். எல்லாரும் அச்சத்தில் உச்ச வரம்பையே கேட்டால் அடங்கும் வேலையே இராது; காலி நோடுகளைப் பார்த்துக்கொண்டு வரிசையில் நிற்போம். மிகவும் நெருக்கிக் கேட்டாலும் ஆபத்து, வரம்பு தீர்ந்ததும் வேலை பாதியில் வெட்டப்படும். ஆகவே குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோவின் உள்ளீட்டில் 'மேக்ஸ் செகண்ட்ஸ்' மதிப்பை ஸ்லர்ம் வரம்புக்கு இருபது முப்பது நிமிடம் குறைவாகக் கொடுத்துவிடுங்கள். நேரம் நெருங்கும்போது அது தானே நிலையைச் சேமித்து நிற்கும். அடுத்த வேலையில் 'ரீஸ்டார்ட்' என்று கொடுத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

காரணம் 'ரிசோர்சஸ்' என்றோ 'ப்ரையாரிட்டி' என்றோ வந்தால் எதுவும் செய்ய வேண்டியதில்லை; முறை வரும்வரை இருங்கள். 'டிபென்டன்சி நெவர் சாட்டிஸ்ஃபைடு' என்று வந்தால் மட்டும் அது ஒருநாளும் தொடங்காது. நீங்களே ஸ்கேன்சல் கொடுத்து நீக்க வேண்டும்.

ஆய்வு மாணவி (மறுமொழி)

முன்பதிவு வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்குகிறது. பழைய வேலைகளை எஸ்அக்டில் பார்த்தேன். எதுவும் பதினொரு மணி நேரத்தைத் தாண்டியதில்லை. மூன்று ஆண்டுகளாக 72 என்றே அனுப்பிவந்திருக்கிறேன். நேரத்தை 14 மணியாகவும், 'மேக்ஸ் செகண்ட்ஸ்' மதிப்பை 48,600 ஆகவும் மாற்றி அனுப்பினேன். நான்கு நிமிடத்தில் இரண்டு நோடுகளும் கிடைத்துக் கணக்கீடு ஓடத் தொடங்கிவிட்டது. புதிய மாணவர் இப்போது தம் கணக்கிலிருந்தே சூடோபொட்டென்ஷியல் கோப்புகளைப் படிக்கிறார்; பொதுக் கோப்பகம் கேட்டு நெறியாளரும் மையத்துக்கு எழுதியிருக்கிறார்.